குரல் அடங்கிய பிறகு: மனச்சிதைவு உள்ளவரை வேலைக்கும் வீட்டுக்கும் திருப்பிக் கொண்டுவருவது எப்படி

மாத்திரை தொடங்கி ஆறேழு வாரத்தில் காதில் கேட்ட குரல் அடங்கிவிடுகிறது. பங்காளி செய்வினை வைத்துவிட்டான் என்ற பேச்சும் ஓய்கிறது. வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வருகிறது. ஆறு மாதம் போனதும் அதே வீட்டில் வேறு குறை கேட்கிறது: "நல்லாத்தான் இருக்கான். ஆனா எழுந்திரிக்க மாட்டேங்கிறான். குளின்னா குளிக்கிறதில்ல. வயப்பக்கம் வர்றதே இல்ல. தின்னுட்டுப் படுத்துக்கிறான்."

முதல் குறைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர்கள் இந்த இரண்டாவது குறைக்கு ஓடுவதில்லை. சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்து விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த ஆள் அடுத்த இருபது வருஷம் எப்படி இருப்பார் என்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்துக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதிய வழிமுறைகள் இவை.

எது எதைக் கெடுக்கிறது

மனச்சிதைவின் (ஸ்கிசோஃப்ரீனியா) அறிகுறிகளை மூன்று கட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டு, இல்லாதது சேர்வது: குரல் கேட்பது, சந்தேகம், கோர்வையில்லாத பேச்சு. இரண்டாவது, இருந்தது குறைவது: ஆர்வம், பேச்சு, முகபாவம், நாலு பேரோடு சேரும் எண்ணம். இதைக் குறை அறிகுறி என்பார்கள். மூன்றாவது, மூளையின் வேகம்: கவனம் நிற்பது, சொன்னதை நினைவில் வைப்பது, ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டமிடுவது.

ஊரைக் கூட்டுவது முதல் கட்டு. வேலையையும் உறவையும் அதிகம் அரிப்பது மற்ற இரண்டும். குரல் கொஞ்சம் கேட்டுக்கொண்டே டீக்கடையில் கிளாஸ் கழுவிச் சம்பளம் வாங்குபவர் உண்டு. குரல் நின்று ஐந்து வருஷமாகியும் தெருமுனை தாண்டாதவரும் உண்டு. மாத்திரை முதல் கட்டுக்கு நன்றாக வேலை செய்யும். மற்ற இரண்டுக்கும் குறைவாகத்தான். அங்கே பழக்கமும் வேலையும் வீட்டுப் பேச்சும்தான் மருந்து.

முதல் கட்டு முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறை நோய் திரும்பும்போதும் வேலை போகிறது, கடன் சேர்கிறது, சம்பந்தி வீட்டுப் பேச்சு கெடுகிறது. போனதைத் திரும்பக் கட்டச் சில மாதம் பிடிக்கும். சிலருக்கு முழுதாகக் கட்டவே முடிவதில்லை.

இந்த நோய் வந்தால் எல்லாம் முடிந்தது என்பதும் பொய். சென்னையில் 1980-களின் தொடக்கத்தில் முதல்முறை மனச்சிதைவு கண்ட 90 பேரைத் தேர்ந்தெடுத்து இருபது ஆண்டுக்கும் மேல் பின்தொடர்ந்தார்கள். சென்னையில் இந்த நோய்க்கென்றே இருக்கும் ஸ்கார்ஃப் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவர் தாரா நடத்திய ஆய்வு அது. அதில் பலர் வேலை பார்த்தார்கள், பலர் கல்யாணமாகிக் குடும்பம் நடத்தினார்கள். ஒருவர் போன பாதையில் இன்னொருவர் போகவில்லை. தொடக்கத்திலேயே தலையில் எழுதி வைக்காதீர்கள்.

முதல் மூன்று மாதம்

நோய் தொடங்கிய நாளுக்கும் முதல் மாத்திரைக்கும் இடையில் எவ்வளவு காலம் போகிறதோ, பின்னால் எழுந்து வருவது அவ்வளவு கடினம். மூன்று மாதத்துக்குள் சிகிச்சையில் சேர்த்துவிட வேண்டும் என்பதே உலகெங்கும் வைக்கும் இலக்கு. டெல்டாவில் அந்த மூன்று மாதம் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். திருவிடைமருதூர், குணசீலம், நாகூர் தர்கா என்று ஒரு சுற்று. குணசீலத்தில் ஒரு மண்டலம் தங்குவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல.

போக வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரையோடு போங்கள். கோயில் வாசலுக்கும் ஆஸ்பத்திரி வாசலுக்கும் சண்டை மூட்டிவிட்டால் தோற்பது நோயாளி. கூடாதது ஒன்றே ஒன்று: சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் தீப்பிடித்தபோது கட்டிப்போட்டிருந்த 28 பேர் அப்படியே கருகினார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. வீட்டுக் கொல்லையில் கட்டுவதும் கட்டுவதுதான்.

எங்கே போவது? தஞ்சாவூர், திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் குறிப்பிட்ட நாளில் வட்ட மருத்துவமனைகளுக்கு வருகிறார். எந்தக் கிழமை என்பதை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரியில் வழி தெரியாமல் நின்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழில் பேசலாம், காசு கிடையாது.

ஒரு 40 பக்க நோட்டு

ஓ.பி.யில் மருத்துவர் முன்னால் கிடைப்பது நாலைந்து நிமிஷம். "எப்படி இருக்கார்?" "பரவால்ல சார்." அதே மாத்திரை, அடுத்த மாதம். இப்படியே மூன்று வருஷம் ஓடிவிடும். இதை மாற்ற ஒரு நோட்டுப் போதும்.

பக்கத்தில் ஐந்து கோடு இழுங்கள். தூக்கம் எத்தனை மணி. மாத்திரை போட்டதா. தானாகக் குளித்தாரா, சொல்லியா. வீட்டை விட்டு வெளியே இருந்தது எத்தனை நிமிஷம். தானாக வாய் திறந்து எத்தனை முறை பேசினார். ஒரு நாள் வரி இப்படி இருக்கும்: "செவ்வாய். தூக்கம் 11. மாத்திரை ஆச்சு. குளியல் ரெண்டு தடவை சொல்லி. வெளியே 10 நிமிஷம், கடை. பேச்சு 1, 'மோர் இருக்கா?'" எழுத ரெண்டு நிமிஷம் ஆகாது. மாதம் ஒருமுறை எடையும் இடுப்புச் சுற்றளவும்.

கடைசிக் கோடுதான் முக்கியமானது. கேட்டதற்குப் பதில் சொல்வது கணக்கில்லை. தானாகத் தொடங்கிய பேச்சு மட்டும். "மோர் இருக்கா?" என்பது சின்னக் கேள்விதான். ஆனால் தனக்கு ஒன்று வேண்டும் என்று தோன்றி, அதை இன்னொருவரிடம் கேட்டிருக்கிறார். நோய் தின்ற இடம் அதுதான். ஒன்று, மூன்று, ஐந்து என்று அந்த எண் ஏறினால் ஆள் திரும்பி வருகிறார். குரல் நின்றும் எண் ஒன்றிலேயே நின்றால் மருத்துவரிடம் அதைத்தான் சொல்ல வேண்டும்.

நோட்டை நோயாளிக்குத் தெரியாமல் எழுதாதீர்கள். தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்ற பயத்தில் இருந்து வந்தவரிடம் ரகசிய நோட்டு கண்டால் கதை அங்கேயே கெட்டது. முடிந்தால் அவரே எழுதட்டும்.

படுத்தே கிடப்பது ஏன்

குறை அறிகுறி என்று முடிவு கட்டும் முன் மற்ற காரணங்களைக் கழிக்க வேண்டும். பலருக்கு இதில் ஒன்று கலந்திருக்கும், அதற்கு வழியும் இருக்கும்.

மாத்திரை மயக்கம். காலை பத்து வரை எழுப்ப முடியாது, மாலை நாலுக்கு மேல் கொஞ்சம் தெளிச்சி. ராத்திரி பத்து மணி மாத்திரையை எட்டு மணிக்கு மாற்றலாமா, அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள்.

இறுக்கம். நடக்கும்போது கை வீசாது, அடி சின்னதாக விழும், முகம் பொம்மை மாதிரி, கடைவாயில் எச்சில். பார்த்தால் குறை அறிகுறி போலவே இருக்கும். ஆனால் மருந்தின் பக்கவிளைவு, சரி செய்யலாம். இதற்குத் தரும் டிரைஹெக்சிஃபெனிடில் வியர்வையைக் குறைக்கும், வாய் உலரும், ஞாபகத்தையும் மந்தமாக்கும். தேவையில்லாமல் வருஷக்கணக்கில் போகிறதா என்று கேட்டுவிடுங்கள்.

மனச்சோர்வு. விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு, "என்னால எல்லாருக்கும் கஷ்டம்" என்ற பேச்சு, கண் கலங்குவது. குறை அறிகுறி உள்ளவர் வெறுமையாக இருப்பார். சோர்வில் இருப்பவர் வலியோடு இருப்பார். இதை உடனே சொல்ல வேண்டும். இந்த நோயுள்ளவர்களில் 100-க்கு சுமார் 5 பேர் தற்கொலையில் போகிறார்கள், அதுவும் நோயின் முதல் சில வருஷங்களில் அதிகம். விவசாய வீட்டில் பூச்சிமருந்து திண்ணை மூலையில் கிடக்கக் கூடாது. பூட்டுங்கள். சாவி இன்னொருவர் இடுப்பில் இருக்கட்டும். மீதியைச் சேர்த்து வைக்காமல் தேவைக்கு மட்டும் வாங்குங்கள்.

ஒளிந்திருக்கும் பயம். பகலில் வெளியே வரமாட்டார், இருட்டினால் கொல்லைப்பக்கம் உலாத்துவார். ஜன்னல் சந்து வழியே தெருவைப் பார்ப்பார். குரல் நிற்கவில்லை, சொல்வதை நிறுத்தியிருக்கிறார்.

பிறகு ரத்தசோகை, தைராய்டு. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இவை எதுவும் இல்லையென்றால், அல்லது சரி செய்தும் மிச்சம் இருந்தால், அதுதான் உண்மையான குறை அறிகுறி. திட்டினால் போகாது, கெஞ்சினாலும் போகாது. படிப்படியான வேலைதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளும்.

பால் சொசைட்டியிலிருந்து தொடங்குவது

முதல் வேலை சின்னதாக, நேரம் குறித்ததாக, முடிந்தது கண்ணுக்குத் தெரிவதாக, ரெண்டே பேரோடு பேசினால் போதுமானதாக இருக்க வேண்டும். டெல்டா கிராமத்தில் இதற்குப் பால் சொசைட்டியை விட நல்ல இடம் கிடையாது. நேரம் மாறாது. கேன் கனம் தெரியும். அளந்து எழுதுவார்கள், காசு வரும். அதிகம் பேச வேண்டியதில்லை, ஆனால் நாலு முகம் பார்த்தாக வேண்டும்.

முதல் வாரம் கேனை நீங்கள் எடுங்கள், அவர் கூட நடந்தால் போதும். இரண்டாவது வாரம் கேன் அவர் கையில், நீங்கள் பக்கத்தில். மூன்றாவது வாரம் நீங்கள் தெருமுனையில் நின்றுவிடுவது. அதற்கடுத்து அட்டையில் எழுதி வாங்கி வருவதும் அவர் பொறுப்பு. ஏழு நாளில் ஐந்து நாள் ஒழுங்காக நடந்தால் மட்டும் அடுத்த படி. மூன்று நாள் தவறினால் ஒரு படி கீழே இறங்குங்கள், பேச்சு வேண்டாம். ரெண்டு நாள் நன்றாகப் போனதும் "அப்படியே மாட்டையும் குளிப்பாட்டிட்டு, உரக்கடைக்கும் போயிட்டு வந்துடு" என்று மூன்று வேலையை ஒன்றாகச் சொல்வதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. மூளையின் வேகம் குறைந்தவருக்கு ஒரு நேரத்தில் ஒரு சொல். அது முடிந்த பிறகு அடுத்தது. அவரால் முடியாததற்குக் காரணம் பெரும்பாலும் மனமில்லாமை அல்ல, நடுவில் இழை அறுந்துபோவது.

பாலில் வரும் காசில் ஒரு பகுதி அவர் கையில் போக வேண்டும். "அவனுக்கு எதுக்குக் காசு" என்று முழுதும் வாங்கி வைத்தால் நாலாவது வாரம் அவர் எழுந்திரிக்கமாட்டார். யார்தான் எழுந்திரிப்பார்?

அடுத்த கட்ட வேலைகளில் தேர்வு செய்ய வேண்டியிருக்கும். திருவையாற்றுப் பக்கம் வாழை இலை அடுக்கிக் கட்டுவது, பூக் கட்டுவது, நாற்றங்கால் பார்ப்பது, ஆடு மேய்ப்பது, நாகை கரையில் வலை பின்னுவது எல்லாம் ஒத்துவரும். ஆகாதவையும் சில உண்டு. ராத்திரி மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுவதும், முறைத் தண்ணீருக்கு மடையில் காவல் கிடப்பதும் தூக்கத்தைக் கெடுக்கும். தூக்கம் கெட்டால் நோய் வாசலில் நிற்கும். ஆழ்கடலுக்கு நாள்கணக்கில் போகும் படகும் அப்படித்தான். மயக்கம் தரும் மாத்திரையில் இருக்கும்போது பவர் டில்லரும் வைக்கோல் வெட்டும் மெஷினும் கூடாது. மருந்தடிக்க அனுப்பவே வேண்டாம்.

வெயில் தனி விஷயம். இந்த மருந்துகள் பல உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் வழியைக் கெடுக்கும். கத்திரி வெயிலில் பதினொன்று முதல் மூன்று வரை வெட்டவெளி வேலை வேண்டாம். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் மாத்திரையும் சேர்த்துப் போடுபவர் என்றால் தண்ணீரும் உப்பும் குறையவே கூடாது. வாந்தி பேதி வந்தால் அன்றே மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டுப் பேச்சு

"தண்டச்சோறு" என்ற சொல் இந்த நோயில் வெறும் வசவு மட்டுமல்ல. ஓயாத குறை சொல்லும் வெறுப்பும் உள்ள வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. அதன் மறுபக்கமும் கெடுதல்தான்: முப்பது வயது மகனுக்குச் சோறு ஊட்டிவிடுவது, எங்கே போனாலும் பின்னாலேயே போவது. பாசமாகத் தெரியும், ஆளை எழவிடாது.

குறையை ஆளின் மேல் வைக்காமல் செயலின் மேல் வைத்துச் சொல்லுங்கள். "நீ எப்பவும் இப்படித்தான்" வேண்டாம். "தட்டு அலம்பாம இருக்கு, சாப்பாட்டுக்கு முன்னாடி அலம்பிடு தம்பி" போதும். குரல் கேட்கிறது என்றால் இல்லை என்று வாதாடாதீர்கள், ஆமாம் என்றும் சொல்லாதீர்கள். "எனக்குக் கேக்கல, உனக்குக் கேக்குறது கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லிப் பேச்சை வேலைப்பக்கம் திருப்புங்கள். காதில் பாட்டு வைத்துக்கொள்வதும், வாய்விட்டு ஏதாவது படிப்பதும் பலருக்குக் குரலை அடக்கும்.

மாத்திரை, ஆண்டுக்கணக்கில்

மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் 100-க்கு சுமார் 27 பேருக்கு நோய் திரும்புகிறது. நிறுத்தியவர்களில் 64 பேருக்கு. முதல்முறை நோய் என்றாலும் நன்றாகி ஒன்றிரண்டு வருஷம் தொடர்வது வழக்கம். இரண்டு மூன்று முறை திரும்பியவருக்கு அதைவிட நெடுநாள். நிறுத்துவதானால் மருத்துவர் பார்வையில், மாதக்கணக்கில் இறக்க வேண்டும்.

நம் பக்கத்தில் மாத்திரை எப்போது நிற்கிறது என்று பாருங்கள். மாலை போட்டால் நிற்கும், "விரதத்துல மாத்திரை எதுக்கு" என்று. ரமலான் நோன்பில் நிற்கும். இரவு ஒருவேளையாக மாற்ற முடியுமா என்று மாதம் தொடங்கும் முன்பே கேட்கலாம். அறுவடைக் காலத்தில் வாங்கப் போக ஆளில்லாமல் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் நிற்கும். 2018 நவம்பரில் கஜா வந்தபோது வேதாரண்யம் பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லை, சாலை இல்லை என்று நினைவிருக்கும். அக்டோபர் தொடங்கும் முன் கையில் ஒரு மாத இருப்பு, ரெட்டைப் பிளாஸ்டிக் பையில். சீட்டின் படம் ரெண்டு பேர் போனில்.

தினம் மாத்திரைச் சண்டை நடக்கும் வீட்டில் ஊசியைக் கேளுங்கள். ஃப்ளூஃபெனசின் ரெண்டு முதல் நாலு வாரத்துக்கு ஒருமுறை, ஹாலோபெரிடால் நீண்டநாள் ஊசி நாலு வாரத்துக்கு ஒருமுறை. இது தண்டனை அல்ல. தினமும் நடந்த ஒரு சண்டை வீட்டை விட்டுப் போகிறது, அவ்வளவுதான். சோற்றில் பொடித்துக் கலந்து தருவதை விட ஆயிரம் மடங்கு மேல். கலந்தது தெரிந்த அன்று சாப்பாட்டையே நம்பமாட்டார்.

எடையைப் பாருங்கள். இந்த நோயுள்ளவர்கள் மற்றவர்களை விடச் சராசரியாக 15 ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள். அதில் பெரும்பங்கு இதய நோயும் சர்க்கரையும். 60 கிலோ ஆள் முதல் மாதத்திலேயே 3 கிலோ ஏறினால் காத்திருக்காதீர்கள், மருந்தை மாற்றலாமா, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை சேர்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எல்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை தொடக்கத்தில், மூன்று மாதத்தில், பிறகு வருஷம் ஒருமுறை. மக்களைத் தேடி மருத்துவத்தில் வருபவர்களிடம் இவருக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அப்பாவுக்குப் பார்ப்பார்கள், மகனை மறந்துவிடுவார்கள்.

இரண்டு மருந்தை முழு அளவில், ஒவ்வொன்றும் குறைந்தது ஆறு வாரம் போட்டும் குரல் நிற்கவில்லை என்றால் க்ளோசபின் பற்றிக் கேளுங்கள். வருஷக்கணக்கில் தள்ளிப்போடுவது வீண். ரத்த அணுப் பரிசோதனை கட்டாயம்; காய்ச்சல், தொண்டை வலி வந்தால் அன்றே ரத்தம் பார்க்க வேண்டும். மலச்சிக்கலைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள், குடல் அடைபட்டு உயிருக்கே வரும். பீடி பிடிப்பவர் திடீரென்று விட்டால் க்ளோசபினும், இதே நோய்க்குத் தரும் ஒலான்சபினும் ரத்தத்தில் ஏறும். விடுவது நல்லதுதான், மருத்துவரிடம் சொல்லிவிட்டு விட வேண்டும்.

திரும்புகிறது என்று தெரிவது

நோய் ஒரே நாளில் திரும்பாது. முன்னால் ரெண்டு மூன்று வாரம் அடையாளம் காட்டும். ஆளுக்கு ஆள் அது வேறு, ஆனால் ஒரே ஆளுக்குப் பெரும்பாலும் அதே அடையாளம்தான் திரும்ப வரும். ஒருவர் தூக்கம் விடுவார், ஒருவர் சாப்பாட்டை முகர்ந்து பார்ப்பார், ஒருவர் போனைத் துணியில் சுற்றி வைப்பார். போன முறை முதலில் நடந்தது எது என்று அவரோடு உட்கார்ந்து நோட்டின் பின்னட்டையில் எழுதுங்கள். அது மூன்று நாள் தொடர்ந்தால் அடுத்த ஓ.பி. தேதி வரை காத்திருக்கக் கூடாது.

கல்யாணம்

கால்கட்டு போட்டால் சரியாகிவிடும் என்பது இந்த மண்ணில் இன்னும் சாகவில்லை. கல்யாணம் சிகிச்சை அல்ல. மறைத்துச் செய்த கல்யாணத்தில் மாத்திரையும் மறைந்து போடப்படும், பிறகு நின்றுபோகும், ஆறு மாதத்தில் எல்லாம் வெளியே வரும். பெண்ணாக இருந்தால் அவளைத் தாய்வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சொல்லிச் செய்யுங்கள். ஒரு வருஷமாவது நோய் திரும்பாமல், ஏதோ ஒரு வேலையில் நிலைத்த பிறகு. பெண்களுக்கு வால்ப்ரோயேட் (வலிப்புக்கும் மனநிலைக்கும் தரும் மாத்திரை) போகிறதா என்று கல்யாணத்துக்கு முன்பே பார்த்து மாற்றிவிட வேண்டும், கருவிலிருக்கும் குழந்தைக்கு அது ஆபத்து. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். அப்போது ராத்திரியில் குழந்தையை வேறு யாராவது பார்க்கட்டும்.

சான்றும் பொறுப்பும்

மனநோய்க்கு ஊனச் சான்று தர ஐடியாஸ் என்ற அளவுகோலை வைக்கிறார்கள். தன்னைப் பராமரித்தல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை என்று நாலு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4. நோய் எத்தனை வருஷம் என்பதற்கும் மதிப்பெண் உண்டு. குரல் கேட்கிறதா என்ற கேள்வியே அதில் கிடையாது. ஆகவே அன்று "நல்லா இருக்கான் சார்" என்றும் சொல்லாதீர்கள், நடிக்கவும் பழக்காதீர்கள். அந்த 40 பக்க நோட்டைக் கொடுங்கள். 40 விழுக்காடு வந்தால் யு.டி.ஐ.டி. என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அதன்பிறகு உதவித்தொகைக்கும் பஸ் சலுகைக்கும் மனு. அரசு வேலையில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஒதுக்கிய 4 விழுக்காட்டில் மனநோய் உள்ளவரும் வருகிறார்.

கடைசியாக ஒரு தாள். அவர் தெளிவாக இருக்கும் நாளில், மறுபடி முடியாமல் போனால் தன் சார்பில் யார் பேச வேண்டும் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கட்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் அப்படிப் பேசுபவருக்கு நியமனப் பிரதிநிதி என்று பெயர். அம்மாவுக்கு அறுபது தாண்டியிருந்தால் அந்தப் பெயர் அம்மாவாக இருக்க வேண்டாம். தங்கையோ சித்தப்பா மகனோ, யாராக இருந்தாலும் இந்த மாத ஓ.பி.க்கே கூட்டிப் போங்கள். சீட்டை அவர் கையில் கொடுங்கள், மாத்திரை கவுன்ட்டரில் வரிசையில் அவரே நிற்கட்டும்.